கரையா, குகையா, காடா? 1944இல் ஜப்பானியத் தரைப்படையின் முன்னிருந்த வழிகள்

வருஷத்துக்கு இரண்டு தடவையாவது ஹிரோ ஒனோடாவின் கதை என் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடும். போர் முடிந்தது தெரியாமல் 29 ஆண்டுகள் பிலிப்பைன்ஸ் காட்டில் தனியாளாகப் போரிட்ட வீரர், கடமை உணர்வின் சிகரம், இத்யாதி. தனியாள் இல்லை, முதலில் நான்கு பேர். தெரியாமலும் இல்லை, சொன்னதை நம்பவில்லை. அதை விடுங்கள். அவரை அங்கே அனுப்பிவைத்தவர்களுக்கு வேறு வழியே இருக்கவில்லையா என்று ஒருவரும் கேட்பதில்லை என்பதுதான் என் குறை.

வழிகள் இருந்தன. 1944 ஜூலையில் பசிபிக் கடலில் ஜப்பான் வசமிருந்த சைபன் தீவு அமெரிக்கர்களிடம் விழுந்தது. ஏறக்குறைய 30,000 பேர் கொண்ட காவற்படை மூன்றரை வாரத்தில் அழிந்தது, பிரதமர் தோஜோவின் அமைச்சரவை பதவி விலகியது. இனி எந்தத் தீவுக்கும் கப்பலும் வராது, விமானமும் வராது. அந்த நிலையில் தரைப்படை எப்படிச் சண்டை போடுவது? டோக்கியோத் தலைமையகத்தின் மேசையில் அந்தக் கோடையில் கிடந்த விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இங்கே வேலை. மூன்று அளவுகோல் போதும்: எத்தனை நாள் கிடைத்தது, யாருடைய உயிரைச் செலவழித்து, சுற்றியிருந்த ஜனம் யார் பக்கம் நின்றது. மூன்றாவதுதான் முக்கியம் என்பது என் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அதற்குமுன் கொஞ்சம் பழங்கதை. நவீன ஜப்பானியப் படையின் மூலவித்தே ஒரு முறைசாராப் படைதான். 1863இல் சோஷு என்ற சிற்றரசில் தகாசுகி ஷின்சாகு தொடங்கிய 'கிஹெய்தாய்' என்ற பெயருக்கே வழக்கத்துக்கு மாறான படை என்றுதான் பொருள். சாமுராயும் குடியானவனும் ஒரே வரிசையில் நின்றார்கள். அதன் தளபதிகளில் ஒருவரான யமகதா அரிதோமோதான் பத்தாண்டு கழித்துக் கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டுவந்தவர். வேடிக்கை என்னவென்றால், புதிய அரசு காலூன்றியதும் சோஷுவில் கலைத்துவிடப்பட்ட அந்தப் படையினரே 1870 வாக்கில் கலகம் செய்தார்கள், பழைய தோழர்களே அதை அடக்கினார்கள். அப்புறம் 1885இல் ஜெர்மானிய மேஜர் மெக்கல் பாடம் நடத்த வந்தார். வரிசை, பீரங்கி, தீர்மானகரமான ஒரே மோதல் என்று ராணுவத்தின் மூளை ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது.

கெரில்லாப் போரை ஜப்பான் நெருங்கிப் பார்த்ததெல்லாம் எதிர்ப்பக்கத்திலிருந்துதான். 1895 முதல் தைவானில், 1907க்குப் பிறகு கொரியாவில், பிறகு மஞ்சூரியாவில், வட சீனாவில். கெரில்லாவை ஊர் ஒளித்துவைக்கிறது, அதனால்தான் அவன் பிழைக்கிறான் என்பது அந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் கண்முன்னே கிடந்த பாடம். ராணுவம் எடுத்துக்கொண்டதோ, அப்படியானால் ஊரைக் கொளுத்து என்ற பாடத்தை. சீனர்கள் அதற்கு வைத்த பெயர் 'மூன்று எல்லாம்': எல்லாரையும் கொல், எல்லாவற்றையும் எரி, எல்லாவற்றையும் கொள்ளையடி.

அடுத்த வீட்டு நெருப்பு

ஜப்பானுக்கு உண்மையிலேயே கைவந்த மறைமுகப் போர் ஒன்று உண்டென்றால், அது எதிரியின் வீட்டுக்குள் ஏற்கெனவே புகைந்துகொண்டிருக்கும் நெருப்பை ஊதிவிடுவது. ருஷ்யாவோடு போர் நடந்த 1904-05இல் அகாஷி மொதோஜிரோ ஸ்டாக்ஹோமில் உட்கார்ந்துகொண்டு ஜாரின் எதிரிகளுக்குப் பணமும் துப்பாக்கியும் அனுப்பினார். ஜான் கிராஃப்டன் என்ற கப்பல் நிறைய ஆயுதம் ஏற்றிப் போய்ப் பின்லாந்துக் கரையோரம் தரைதட்டியது. அதிலிருந்தவர்களே அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த முயற்சியால் ருஷ்யா ஆடிப்போனது என்று பின்னாளில் பெருமை பேசினார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைகூட இல்லை. ஆனால் பழக்கம் அங்கேதான் பிறந்தது.

1938இல் ஆள் பழக்கத் தொடங்கி, பிறகு இருந்த இடத்தின் பெயரால் நகானோ பள்ளி என்று அறியப்பட்ட நிறுவனம் இந்த வேலைக்கு உரியது. ராணுவப் பள்ளிதான், ஆனால் மாணவர்கள் முடி வளர்த்தார்கள், கோட்டு சூட்டுப் போட்டார்கள். பிடிபடுவதைவிடச் சாவதே மேல் என்று மற்ற சிப்பாய்களுக்குச் சொல்லப்பட்ட காலத்தில், பிழைத்திரு, பிடிபட்டால் பொய்த்தகவல் கொடு என்று சொல்லிக்கொடுத்த இடம் அது.

அதன் முறை எப்படி வேலை செய்தது என்பதற்கு மலாயாவைவிட நல்ல உதாரணம் கிடையாது. மேஜர் ஃபுஜிவாரா இவாய்ச்சிக்கு அப்போது வயது 33. கூட விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். ஃப்ரீடம், ஃபிரெண்ட்ஷிப், ஃபுஜிவாரா என்ற மூன்று 'எஃப்'பையும் சேர்த்து எஃப் கிகான் என்று பெயர் ('கிகான்' என்றால் அமைப்பு). 1941 டிசம்பரில் ஜித்ராவில் சிதறிய பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து கேப்டன் மோகன் சிங் இவரிடம் வந்தார். ஒரு மதியம் இந்தியச் சமையல் செய்யச் சொல்லி, இந்திய அதிகாரிகளோடும் சிப்பாய்களோடும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஃபுஜிவாரா கையால் சாப்பிட்டார். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர்கூட எங்களோடு இப்படி உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்று மோகன் சிங் நெகிழ்ந்துபோனார். ஒரு பீரங்கி செய்யாததை ஒரு சாப்பாடு செய்தது. 1942 பிப்ரவரி 17 அன்று சிங்கப்பூர் ஃபேரர் பூங்காவில் ஏறக்குறைய 45,000 இந்தியப் போர்க்கைதிகள் முன் ஃபுஜிவாரா பேசியபோது இந்திய தேசிய ராணுவம் பிறந்துவிட்டது. பின்னர் போஸ் வந்ததும் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ் ஆண்களும், ஜான்சி ராணிப் படைக்குத் தமிழ்ப் பெண்களும் திரண்டது தனிக்கதை.

செலவும் விளைவும் வைத்துப் பார்த்தால் இதைவிட மலிவான வழி கிடையாது. அப்படியானால் 1944இல் ஏன் இதையே தொடரவில்லை?

தொடர முடியாதபடி அவர்களே கெடுத்துவைத்திருந்தார்கள். சிங்கப்பூரில் ஃபுஜிவாரா நட்பு பேசிய அதே நாட்களில் அதே ராணுவம் சீனர்களை வரிசையில் நிறுத்திப் பொறுக்கியெடுத்துச் சுட்டது. தப்பியவர்கள் காட்டுக்குள் போய் ஜப்பானுக்கு எதிரான கெரில்லாக்கள் ஆனார்கள். தோட்டத் தமிழர்களைச் சயாம் பர்மா ரயில்பாதைக்கு இழுத்துப்போய் பல்லாயிரம் பேரைச் சாகவிட்டார்கள். மோகன் சிங்கோடு உரசல் முற்றி 1942 டிசம்பரில் அவரைக் கைது செய்தார்கள். பினாங்கில் பழக்கி நீர்மூழ்கிக் கப்பலில் மலபார்க் கரையில் தானூருக்கு அனுப்பிய இளைஞர்கள் இறங்கியதும் பிடிபட்டார்கள். வக்கம் அப்துல் காதரும் வேறு சிலரும் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னை மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். ஜப்பானின் கணக்கேட்டில் அவர்கள் ஒரு வரி.

பர்மாவில் இன்னும் மோசம். கர்னல் சுசுகி கெய்ஜியின் மினாமி கிகான் ஆங் சானையும் மற்ற தோழர்களையும் ஹைனான் தீவில் பழக்கிப் படை அமைத்துக் கொடுத்தது. ரங்கூன் கைக்கு வந்ததும் சொன்ன சுதந்திரம் தள்ளிப்போனது, சுசுகியும் ஜப்பானுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். 1945 மார்ச் 27 அன்று அதே பர்மியப் படை ஜப்பானியர்கள் மீதே திரும்பியது. ஆக, 1944இல் இந்தக் கதவு சாத்திவிட்டது. வெளியிலிருந்து யாரும் பூட்டவில்லை.

கரையும் குகையும்

மிச்சம் இருந்தது தன் ஆட்களை வைத்துச் செய்யும் சண்டை. பழைய வழி கரை: எதிரி இறங்கும்போதே நீர்விளிம்பில் வைத்து அடி, முடியாவிட்டால் 'பான்சாய்' என்று கத்திக்கொண்டு ஒட்டுமொத்தமாகப் பாய்ந்து செத்துப்போ. 1943இல் தராவா என்ற பசிபிக் தீவு இதனால் 76 மணி நேரத்தில் முடிந்தது. சைபனில் ஜூலை 7 அன்று அப்படிப் பாய்ந்தவர்கள் 4,000 பேர் அளவில். இதை அதிகம் ஆராய வேண்டியதில்லை. எதிரிக்குப் பிடித்த வழி இதுதான்.

1944 ஆகஸ்டில் தீவுக் காவலுக்குப் புதிய வழிகாட்டி வந்தது. கரையைப் பிடித்துத் தொங்காதே, உள்ளே தோண்டிக்கொள் என்பது சாரம். செப்டம்பர் 15 அன்று பெலெலியு தீவில் அது சோதிக்கப்பட்டது. மூன்று நான்கு நாள் வேலை என்று அமெரிக்கத் தளபதி ரூபர்டஸ் சொன்னார். ஜப்பானியத் தளபதி கர்னல் நகாகவா சுண்ணாம்புக் குகைகளில் இருந்துகொண்டு அதை இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தார். அங்கே 34 பேர் 1947 ஏப்ரல் வரை குகையை விட்டு வரவே இல்லை. இவோ ஜிமா தீவில் ஜப்பானியத் தளபதி குரிபயாஷி 18 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டினார், பான்சாய்ப் பாய்ச்சலைத் தடை செய்தார். ஐந்து வாரத்தில் அமெரிக்கர்களுக்கு இறந்தவர், காயப்பட்டவர் சேர்த்து 26,000 பேர் சேதம். அவருடைய 21,000 பேரில் பிழைத்தவர்கள் மிகச் சொற்பம்.

குரிபயாஷி செய்த இன்னொன்றை ராணுவ ரசிகர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். சண்டைக்குப் பல மாதம் முன்பே தீவின் குடிமக்களில் ஏறக்குறைய எல்லாரையும் கப்பலேற்றி அனுப்பிவிட்டார். செத்தவர்கள் சிப்பாய்கள்.

ஜப்பானின் தெற்கிலுள்ள ஒகினாவாத் தீவில் அப்படி நடக்கவில்லை. அதே குகைத் தந்திரம், அங்கிருந்த படையின் திட்ட அதிகாரி கர்னல் யஹாராவின் நேர்த்தியான திட்டம். ஆனால் தீவு முழுக்க ஜனம். 1945 மே 22 அன்று ஷுரிக் கோட்டையின் அடியிலிருந்த சுரங்கத்தில் மூன்று யோசனைகள் வைக்கப்பட்டன: இங்கேயே நின்று சாவது, சினென் தீபகற்பத்துக்குப் போவது, தெற்கே கியானுக்குப் பின்வாங்குவது. இன்னும் சில வாரம் இழுக்கலாம் என்பதற்காகக் கியான் தேர்ந்தெடுக்கப்பட்டது. அகதிகள் ஏற்கெனவே குவிந்திருந்த பகுதி அது. ஒகினாவாவில் இறந்த பொதுமக்கள் ஏறக்குறைய 94,000 என்பது மாகாணக் கணக்கு. அதில் பெரும்பகுதி அந்தக் கடைசி வாரங்களில் தெற்கே செத்தவர்கள். காகிதத்தில் சரியான முடிவு. யஹாராவின் மேசையில் ஜனத்துக்கு ஒரு கட்டம் இருந்ததா என்று கேட்டால் பதில் இல்லை.

திடீர்ப் பாய்ச்சல் என்ற வழியையும் இங்கேயே முடித்துவிடலாம். 1905 தொடக்கத்தில் நகானுமாவின் சிறு குதிரைப்படை ருஷ்யர்களின் பின்னால் வெகுதூரம் போய் ஒரு ரயில் பாலத்தைத் தகர்த்தது. மஞ்சூரியாவில் நடந்த முக்டென் போருக்குச் சற்றுமுன் ருஷ்யர்கள் தங்கள் பின்புறத்தைக் காக்கப் பெரும்படையைத் திருப்ப நேர்ந்தது. நாற்பதாண்டு கழித்து, 1945 மே 24 அன்று, கீரெத்சு என்ற அதிரடிப் படையின் 12 விமானங்கள் ஒகினாவாவின் யோந்தான் விமானதளத்தை நோக்கிப் புறப்பட்டன. ஒன்றுதான் வயிற்றால் தரையிறங்கியது. அதிலிருந்து குதித்த பத்துப் பன்னிரண்டு பேர் விமானங்களைக் கொளுத்தினார்கள், 70,000 கேலன் எரிபொருள் எரிந்தது. மறுநாள் காலை தளம் வேலை செய்தது. ஒரு முறை செய்யக்கூடிய வித்தை, அவ்வளவுதான்.

காடு

1944 செப்டம்பரிலேயே ஷிசுவோகா மாவட்டத்தின் ஃபுதாமதாவில் நகானோ பள்ளியின் கிளை திறக்கப்பட்டது. உளவு இல்லை, இங்கே பாடம் 'யூகெகி', அதாவது கெரில்லா. முதல் வகுப்பில் 230 பேர் அளவில். படிப்பு மூன்றே மாதம். சமையல் படிப்புக்குக்கூட அதைவிட அதிக காலம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த வகுப்பில் ஒருவர்தான் ஒனோடா. டிசம்பரில் பிலிப்பைன்ஸின் லூபாங் தீவுக்கு அனுப்பப்பட்டார். தற்கொலை செய்துகொள்ளாதே, மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ, உன்னைத் தேடி வருவோம் என்பது உத்தரவு. விமானதளத்தையும் படகுத்துறையையும் நாசமாக்குவது வேலை. அங்கிருந்த அதிகாரிகள் இவரைவிட மூத்தவர்கள், ஒத்துழைக்கவில்லை. 1945 பிப்ரவரி 28 அன்று அமெரிக்கர்கள் இறங்கினார்கள், வேலை அன்றோடு தீர்ந்தது. பிறகு வந்த 29 ஆண்டுகள் யாருக்கும் ஒரு தகவலும் போகவில்லை, எதிரியின் ஒரு படைப்பிரிவும் திசைதிரும்பவில்லை. கூட இருந்தவர்களில் ஒருவர் 1950இல் சரணடைந்தார், இருவர் 1954இலும் 1972இலும் சுடப்பட்டு இறந்தார்கள். தீவுவாசிகள் ஏறக்குறைய முப்பது பேர் இவர்களால் உயிரிழந்தார்கள். மாடு மேய்க்கப் போனவர்களும் நெல்லறுக்கப் போனவர்களும் 'எதிரி' ஆனார்கள். மூன்று ஆண்டு ஆக்கிரமிப்பைப் பார்த்த பிலிப்பினோ ஜனம் இவர்களுக்கு ஒரு பிடி அரிசி தருமா? தராது. அதனால் திருடினார்கள், கொளுத்தினார்கள், சுட்டார்கள். அந்த நிலைக்குக் கெரில்லா என்ற பெயர் பொருந்தாது. 1974 மார்ச்சில் பழைய மேலதிகாரியே காட்டுக்கு வந்து உத்தரவை ரத்து செய்து வாசித்த பிறகுதான் வெளியே வந்தார்.

ஒப்பிட ஓபா சகாயேயை எடுங்கள். ஒரு நாள்கூட ஃபுதாமதாவில் படித்ததில்லை. பூகோள வாத்தியார், சைபனில் மருத்துவக் கம்பெனியின் கேப்டன். பான்சாய்ப் பாய்ச்சலில் தப்பியவர்களைச் சேர்த்துக்கொண்டு தபோச்சாவ் மலையைச் சுற்றி 16 மாதம் அமெரிக்கர்களுக்குத் தண்ணி காட்டினார். என்ன வித்தியாசம்? சைபனில் ஜப்பானியக் குடியேறிகள் இருந்தார்கள். முகாமுக்குள் இருந்த அவர்களிடமிருந்து சாப்பாடும் செய்தியும் கம்பியைத் தாண்டி வந்தன. 1945 டிசம்பர் 1 அன்று, மேலிடத்து எழுத்துப்பூர்வ உத்தரவு வந்தபின், மிச்சமிருந்த ஐம்பதுக்கும் குறைவான ஆட்களோடு அணிவகுத்து இறங்கி வந்து வாளைக் கொடுத்தார். அவருக்கு ஊர் இருந்தது. ஒனோடாவுக்குக் காடு மட்டும்தான்.

காட்டு வேலைக்கு யாரை அனுப்பினார்கள் என்பதும் கவனிக்கவேண்டிய விஷயம். பெலெலியு தாக்கப்பட்ட அதே செப்டம்பர் 15 அன்று மொரோதாய் தீவிலும் அமெரிக்கர்கள் இறங்கினார்கள். அங்கே இருந்த 500 பேர் அளவிலான கெரில்லாப் பிரிவில் அதிகாரிகள் நகானோக்காரர்கள், சிப்பாய்களில் பெரும்பாலோர் தைவான் மலைகளின் பூர்வகுடிகள். 1930இல் தைவானின் வூஷேயில் ஜப்பானை எதிர்த்துக் காட்டில் நின்று ராணுவத்தையே திணறடித்த மலைமக்கள். அந்தத் திறமையை அப்போது கண்டு பயந்தவர்கள் இப்போது வாடகைக்கு எடுத்தார்கள். அதில் ஒருவர் அமிஸ் இனத்தவர், ஜப்பானியப் பெயர் நகாமுரா தெருவோ. ஒனோடா வெளியே வந்த அதே 1974இன் டிசம்பரில் கண்டுபிடிக்கப்பட்டார். ஒனோடாவுக்கு டோக்கியோவில் கூட்டம் கூடியது. நகாமுரா ஜப்பானியக் குடிமகன் இல்லை என்பதால் ஓய்வூதியம் இல்லை, முதலில் கைக்கு வந்தது 68,000 யென்.

அடுத்தது ஒகினாவாவின் வடக்கு. நகானோ அதிகாரிகள் முராகாமியும் இவானாமியும் 1944 அக்டோபர் முதல் அங்கே 'கோக்யோதாய்' என்ற படையைத் திரட்டினார்கள். சொந்த ஊரைக் காக்கும் படை என்று அர்த்தம். ஏறக்குறைய ஆயிரம் பேர், பலருக்கு வயது 14 முதல் 17. பத்துப் பேரைக் கொன்றால் நீ சாகலாம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். 160 பேர் அளவில் இறந்தார்கள். காயம்பட்டு நடக்க முடியாத சில பையன்களைச் சொந்தத் தரப்பே சுட்டதாகப் பிழைத்தவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். இங்கே ஊர் இருந்ததே, ஜப்பானிய மண்தானே என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் ராணுவம் அந்த ஊரை நம்பவில்லை. ஒகினாவா மொழி பேசியவனை, அமெரிக்கரிடம் பிடிபட்டுத் திரும்பியவனை ஒற்றன் என்று கொன்றது. ஒளித்துவைக்கும் ஊரையே சந்தேகிக்கிறவன் எந்தக் கெரில்லாப் போரை நடத்த முடியும்?

1945இல் இதையே நாடு முழுவதுக்கும் விரித்தார்கள். ஜூன் மாதச் சட்டப்படி 15 முதல் 60 வயது ஆண்களும் 17 முதல் 40 வயதுப் பெண்களும் படையாட்கள். ஆயுதம் மூங்கில் ஈட்டி, சில பள்ளி மாணவிகளுக்குக் குத்தூசி. ஆகஸ்டில் போர் முடிந்ததால் சோதிக்கப்படவில்லை.

சரி, எதைத் தேர்ந்திருக்க வேண்டும்? என்னைக் கேட்டால், 1944 கோடையில் அந்த மேசையில் வைக்காமல் விட்ட சண்டை நிறுத்தம்தான் முதல் விடை. அதை வைக்கத் துணிவு இல்லையென்றால், குகை. அதுவும் குரிபயாஷி மாதிரி ஜனத்தை அனுப்பிவிட்ட இடத்தில் மட்டும். காட்டைத் தொட்டிருக்கவே கூடாது. காட்டுக்கு வேண்டிய மூலதனம் அக்கம்பக்கத்தாரின் நம்பிக்கை. அதை ஃபுஜிவாரா ஒரு பந்தியில் சேர்த்தார், அவருடைய மேலதிகாரிகள் அதே ஆண்டில் செலவழித்துத் தீர்த்தார்கள். மூன்று மாதப் படிப்பு அதைத் திருப்பித் தராது.

ஹதெருமா ஜப்பானின் தெற்குக் கோடியிலுள்ள சின்னத் தீவு. 1945 தொடக்கத்தில் அங்கே யமஷிதா என்ற பொய்ப்பெயரில் ஒரு பள்ளி ஆசிரியர் வந்தார். சிரித்த முகம், ஊருக்கே பிடித்துப்போனது. மார்ச் கடைசியில் ராணுவ வாளை உருவினார், அவரும் நகானோக்காரர். எல்லாரும் எதிரே இருக்கும் இரியோமோதே தீவுக்குப் போகவேண்டும் என்றார். ஆடுமாடுகளை வெட்டச் சொன்னார். இரியோமோதேயின் அந்தக் கரை மலேரியாவுக்குப் பேர்போனது, தீவுமக்களுக்கு அது தெரியும், சொல்லியும் பார்த்தார்கள். அமெரிக்கர்கள் அந்தப் பக்கம் இறங்கவே இல்லை. தீவில் இருந்தவர்கள் 1,600 பேர் அளவில். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் காய்ச்சலில் செத்தார்கள்.

பள்ளித் தலைமையாசிரியர் ஷிகினா ஷின்ஷோ இஷிகாகித் தீவுக்குப் போய்ப் படைத்தளபதியிடம் நேரில் முறையிட்டு, திரும்பிப்போக அனுமதி வாங்கினார். கிளம்புமுன், தான் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய கடலோரப் பாறை ஒன்றில் பத்து எழுத்துகளைக் கொத்திவைத்தார். முதல் மூன்றும் 'மறவாக் கல்' என்று சொல்கின்றன. அடுத்து 'ஹதெருமா', அப்புறம் 'ஷிகினா'.